கம்பெனிக் கணக்கு மோசடி: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கணக்கியல் பாடம் எடுப்பது என் வேலை. எங்காவது ஒரு பெரிய நிறுவனம் கவிழ்ந்த செய்தி வந்தால் மாணவர்கள், கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள், பங்கு வாங்கி வைத்திருப்பவர்கள் என்று பலரும் ஏறக்குறைய அதே சந்தேகங்களோடு வருகிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால். முன்பே பதில் சொன்ன விஷயம் மறுபடி வந்தால் அந்தக் கேள்வியைச் சுட்டிக்காட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

1. கணக்கு மோசடின்னா என்னங்க? யாரோ கம்பெனிப் பணத்தைத் திருடிட்டாங்கன்னு அர்த்தமா?

எப்போதும் அப்படி இல்லை. கம்பெனிப் பணத்தை ஒருவர் எடுத்துக்கொண்டால் அது கையாடல். கணக்கு மோசடி என்பது கம்பெனியின் நிலைமையைப் பற்றி வெளியில் இருப்பவர்களிடம் பொய் சொல்வது. வராத வருமானத்தை வந்ததாக எழுதலாம், செலவை மறைக்கலாம், கடனை வேறொரு இடத்தில் ஒளிக்கலாம், இல்லாத சொத்தை இருப்பதாகக் காட்டலாம். பெரிய வழக்குகளில் பெரும்பாலானவை இந்த நான்குக்குள் அடங்கிவிடும்.

கையாடலில் ஏமாறுவது கம்பெனி. கணக்கு மோசடியில் கம்பெனியின் பெயரால் ஏமாற்றப்படுவது மற்றவர்கள்: பங்கு வாங்கியவர், கடன் கொடுத்த வங்கி, சரக்கு அனுப்பியவர், ஓய்வுக்காலச் சேமிப்பை அந்தப் பங்கிலேயே வைத்திருந்த ஊழியர். கையாடல் மேலதிகாரிக்குத் தெரியாமல் நடப்பது. கணக்கு மோசடி பெரும்பாலும் மேலதிகாரியின் உத்தரவாகவே கீழே வருகிறது. தடுக்க வேண்டியவரே செய்யச் சொல்கிறார் என்பதால்தான் அது வெளியே வர இத்தனை வருடம் ஆகிறது.

2. தப்பு வேற, மோசடி வேறன்னு சொல்றாங்க. எப்படிப் பிரிக்கிறது?

நோக்கத்தை வைத்துத்தான். கூட்டலில் பிழை வந்தால் அது தப்பு. லாபம் குறைவாகத் தெரியக்கூடாது என்று தெரிந்தே ஒரு எண்ணை மாற்றினால் அது மோசடி. சிக்கல் என்னவென்றால், கணக்கியலில் நிறைய எண்கள் மதிப்பீடுகள். ஒரு லாரி எத்தனை வருடம் ஓடும், வராமல் போகும் பாக்கி எவ்வளவு, இருப்பில் உள்ள சரக்கு என்ன விலைக்குப் போகும் என்பதற்கெல்லாம் ஒரே ஒரு சரியான விடை கிடையாது. அந்த இடைவெளியில்தான் வேலை நடக்கிறது.

அமெரிக்காவின் வேஸ்ட் மேனேஜ்மென்ட் நிறுவனம் தன் குப்பை லாரிகளின் ஆயுளைக் காகிதத்தில் நீட்டியது. ஓடி முடித்த பிறகும் அவை நல்ல விலைக்குப் போகும் என்று ஆதாரமில்லாமல் எழுதிக்கொண்டது. தேய்மானம் (லாரியின் விலையை அது ஓடும் வருடங்களுக்குப் பிரித்து எழுதும் செலவு) குறைந்தது, லாபம் ஏறியது. 1998-ல் அந்த நிறுவனம் பழைய வருடங்களின் லாபத்தை ஏறக்குறைய 170 கோடி டாலர் குறைத்துத் திருத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு லாரியையும் தனியாகப் பார்த்தால் 'இது ஒரு மதிப்பீடுதானே' என்று வாதாடலாம். எல்லா மதிப்பீடும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால், அதுவும் லாபத்தைக் கூட்டும் பக்கமாகவே சாய்ந்திருந்தால், அங்கே நோக்கம் தெரிகிறது.

3. லாபம்னு காட்டுற கம்பெனி எப்படி திடீர்னு திவாலாகும்?

லாபமும் பணமும் ஒன்றல்ல என்பதால். இன்று சரக்கை விற்று, காசு ஆறு மாதம் கழித்து வரும் என்றாலும், வருமானம் இன்றே கணக்கில் ஏறும். இது நேர்மையான முறைதான், உலகம் முழுக்க இப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் சம்பளமும் கடன் தவணையும் லாபத்தால் கட்ட முடியாது, பணத்தால்தான் கட்ட முடியும்.

இதைத் தவறாகப் பயன்படுத்துவது எவ்வளவு சுலபம் என்பதற்கு அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான வொர்ல்ட்காம் உதாரணம். மற்றத் தொலைபேசி நிறுவனங்களின் இணைப்புகளைப் பயன்படுத்த அது வாடகை கட்டிவந்தது. கட்டிய மாதமே செலவாக எழுத வேண்டிய தொகை அது. அதைச் சொத்து வாங்கியது போலக் கணக்கில் மாற்றினார்கள். சொத்து என்றால் செலவு பல வருடங்களுக்குப் பிரித்து எழுதப்படும், இந்தக் காலாண்டு நட்டம் லாபமாகிவிடும். 2002 ஜூனில் 380 கோடி டாலர் என்று அறிவித்தார்கள். எல்லா முறைகேடுகளையும் சேர்த்து எண்ணியபோது அது சுமார் 1,100 கோடி டாலரானது. இதில் பெரிய தந்திரம் எதுவும் இல்லை. ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்கு எண்ணை நகர்த்தினார்கள், அவ்வளவுதான்.

4. விற்காத பொருளை விற்றதா எப்படிக் காட்ட முடியும்? எதிர்ல வாங்குறவர் ஒருத்தர் இருக்கணுமே?

பல நேரம் வாங்குகிறவர் இருப்பார், ஆனால் அது முழு விற்பனையாக இருக்காது. சன்பீம் நிறுவனம் 1997-ல் கோடைக்காலத்தில் விற்கும் அடுப்புகளைக் குளிர்காலத்திலேயே கடைக்காரர்கள் தலையில் கட்டியது. தாராளமான தள்ளுபடி கொடுத்தது, சில சரக்கைத் தன் கிடங்கிலேயே வைத்துக்கொண்டு பில்லை மட்டும் போட்டது. அடுத்த வருட விற்பனை இந்த வருடத்துக்கு வந்துவிட்டது. அடுத்த வருடம் விற்க ஒன்றும் இல்லாமல் போனது. கம்ப்யூட்டர் அசோசியேட்ஸ் நிறுவனத்தில் காலாண்டு முடிந்த பிறகும் கணக்கை மூடாமல் வைத்து, தாமதமாகக் கையெழுத்தான ஒப்பந்தங்களை முந்தைய தேதியில் சேர்த்தார்கள். ஊழியர்களே அதை '35 நாள் மாதம்' என்று அழைத்தார்கள்.

வாங்குகிறவரே இல்லாத விற்பனையும் உண்டு. சீனாவின் லக்கின் காபி 2019-ல் சுமார் 220 கோடி யுவான் விற்பனையைப் புனைந்தது. அதை முதலில் வெளியே கொண்டுவந்தவர்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கவில்லை. கடைகளில் ஆட்களை உட்காரவைத்து, வந்து போன வாடிக்கையாளர்களைப் படம் பிடித்து எண்ணினார்கள், ஆயிரக்கணக்கான ரசீதுகளைச் சேகரித்தார்கள். காகிதத்துக்கு வெளியே போய்ப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது.

5. என்ரான் என்ரான்னு எல்லாரும் சொல்றாங்க. அங்க அப்படி என்னதான் நடந்தது?

ஹூஸ்டனில் இருந்த எரிசக்தி நிறுவனம். 2000-ஆம் ஆண்டுக்கு 10,000 கோடி டாலருக்கு மேல் வருவாய் காட்டியது. பங்கு விலை 90 டாலரைத் தொட்டது. 2001 டிசம்பர் 2-ஆம் தேதி திவால் மனு கொடுத்தது. நடுவில் நடந்தவற்றில் இரண்டு விஷயங்கள் முக்கியம்.

ஒன்று, எதிர்கால லாபத்தை இன்றே எழுதியது. நீண்டகால ஒப்பந்தம் கையெழுத்தானதும், அதிலிருந்து வரும் என்று தாங்களே ஊகித்த லாபம் முழுவதையும் அன்றே கணக்கில் ஏற்றினார்கள். வீடியோ வாடகை நிறுவனமான பிளாக்பஸ்டரோடு 2000-ல் 20 வருட ஒப்பந்தம் போட்டார்கள். அதிலிருந்து சுமார் 11 கோடி டாலர் லாபம் எழுதினார்கள். அடுத்த வருடமே ஒப்பந்தம் முறிந்தது. இப்படி எழுதும் கம்பெனி, வளர்ச்சியைக் காட்ட ஒவ்வொரு காலாண்டும் இன்னும் பெரிய ஒப்பந்தத்தைத் தேடி ஓட வேண்டும், ஏனென்றால் போன ஒப்பந்தத்தின் லாபம் ஏற்கனவே தின்று முடிந்துவிட்டது.

இரண்டாவது, கடனையும் நட்டத்தையும் தனிக் கூட்டு நிறுவனங்களுக்குள் தள்ளியது. அவற்றில் சிலவற்றை நடத்தியவர் என்ரானின் நிதித் தலைவர் ஆண்ட்ரூ ஃபாஸ்டோவேதான். என்ரான் சார்பாகவும் எதிர்த்தரப்பாகவும் அவரே பேரம் பேசினார், தனக்குக் கோடிக்கணக்கில் எடுத்துக்கொண்டார். அந்தக் கூட்டு நிறுவனங்களில் பலவற்றுக்கு ஆதாரமாக இருந்தது என்ரானின் சொந்தப் பங்குதான். பங்கு விலை இறங்கியதும் எல்லாம் சேர்ந்து சரிந்தது. 2001 அக்டோபரில் ஒரே காலாண்டுக்கு 61.8 கோடி டாலர் நட்டம், நவம்பரில் நான்கு வருட லாபத்தில் 58.6 கோடி டாலர் குறைப்பு, டிசம்பரில் திவால். பல வருடம் கட்டியது ஏழு வாரத்தில் போய்விட்டது.

6. பேங்க்ல பணம் இருக்கா இல்லையான்னு ஒரு போன் போட்டா தெரிஞ்சிடாதா? அதைக்கூட எப்படி மறைச்சாங்க?

நியாயமான கேள்வி. இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனர் ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். புத்தகத்தில் காட்டப்பட்ட ரொக்கம் மற்றும் வங்கி இருப்பு 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டார். அதே கடிதத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2008 செப்டம்பர் காலாண்டில் அறிவித்த வருவாய் 2,700 கோடி, உண்மை 2,112 கோடி. அறிவித்த செயல்பாட்டு லாபம் 649 கோடி, உண்மை 61 கோடி. கழித்துப் பாருங்கள், இரண்டிலும் வித்தியாசம் 588 கோடி. பொய் வருமானத்துக்குச் செலவு கிடையாது, அது முழுசாக லாபத்தில் சேரும். அந்தப் பொய் லாபம் எங்கேயாவது சொத்தாக உட்கார வேண்டும். அவர்கள் அதை வங்கி இருப்பாகக் காட்டினார்கள். அந்த ஒரே காலாண்டில் பொய் வங்கி இருப்பும் அதே 588 கோடி கூடியது. ஒரு முறை இப்படி எழுதினால் அடுத்த காலாண்டில் பழைய பொய்யையும் புதிய பொய்யையும் சேர்த்துத் தூக்க வேண்டும். புலி மேல் சவாரி செய்வது போலிருந்தது, அது தின்றுவிடாமல் எப்படி இறங்குவது என்று தெரியவில்லை என்று அவரே அந்தக் கடிதத்தில் எழுதினார்.

சரி, வங்கியிடம் ஏன் தெரியவில்லை? விதிப்படி தணிக்கையாளர் வங்கிக்கு நேரடியாக எழுதி, பதிலையும் நேரடியாகப் பெற வேண்டும். சத்யத்தில் அந்த உறுதிக் கடிதங்கள் நிர்வாகத்தின் கை வழியாக வந்தன. பொய்க் கடிதங்கள், பொய் வங்கிக் கணக்கு அறிக்கைகள், 6,000-க்கும் மேற்பட்ட பொய் பில்கள் என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் பிறகு பதிவு செய்தது. இத்தாலியின் பால் பொருள் நிறுவனமான பார்மலாட் ஒரு வங்கிக் கணக்கில் 395 கோடி யூரோ இருப்பதாகக் காட்டியது. 2003 டிசம்பரில் அந்த வங்கி 'இந்தக் காகிதம் எங்களுடையது அல்ல' என்றது. ஜெர்மனியின் மின்னணுப் பணப் பரிவர்த்தனை நிறுவனமான வயர்கார்டில் 190 கோடி யூரோ பிலிப்பைன்ஸ் வங்கிகளில் இருப்பதாகச் சொன்னார்கள். 2020 ஜூனில் அந்த வங்கிகள் ஆவணங்கள் பொய் என்றன. அந்தப் பணம் நாட்டுக்குள்ளேயே வரவில்லை என்று பிலிப்பைன்ஸ் மத்திய வங்கியும் சொன்னது. மூன்று நாடு, மூன்று தொழில், ஆனால் ஓட்டை ஒன்றுதான்: யாரைச் சோதிக்க வேண்டுமோ அவர் கொடுத்த காகிதத்தை வைத்தே அவரைச் சோதித்தார்கள். நீங்கள் சொன்ன அந்த ஒரு போனை, கம்பெனி கொடுத்த எண்ணுக்குப் போடாமல் வங்கியின் சொந்த எண்ணுக்குப் போட்டிருந்தால் போதும்.

7. அப்போ ஆடிட்டர் என்ன பண்ணிட்டிருந்தார்?

தணிக்கையாளர் ஒவ்வொரு பதிவையும் பார்ப்பதில்லை. மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துப் பார்த்து, கணக்கு நியாயமாக இருக்கிறது என்று ஓரளவு உறுதி தருகிறார். முழு உறுதி தருவதாக அவர் எங்கேயும் எழுதுவதில்லை. இது உள்ளே இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஹெல்த்சவுத் என்ற மருத்துவ நிறுவனத்தில் 5,000 டாலருக்குக் கீழே உள்ள பதிவுகளைத் தணிக்கையாளர் கேட்கமாட்டார் என்று தெரிந்துகொண்டு, பொய்யை அதற்குக் கீழே துண்டு துண்டாக உடைத்து எழுதினார்கள். அப்படிச் சேர்ந்தது சுமார் 270 கோடி டாலர்.

ஆனால் 'அவர்களால் முடியாதே' என்று முழுசாக விட்டுவிடவும் முடியாது. சம்பளம் கொடுப்பவரையே சோதிக்கும் வேலை இது. என்ரானிடமிருந்து ஆர்தர் ஆண்டர்சன் என்ற தணிக்கை நிறுவனம் 2000-ல் தணிக்கைக்கு 2.5 கோடி டாலரும் ஆலோசனை முதலான வேலைகளுக்கு 2.7 கோடி டாலரும் வாங்கியது. இவ்வளவு பெரிய வாடிக்கையாளரிடம் 'கையெழுத்துப் போடமாட்டேன்' என்று சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? ஆவணங்களை அழித்த வழக்கில் 2002-ல் ஆண்டர்சனுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. 2005-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதற்குள் ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்த அந்த நிறுவனம் நடைமுறையில் இல்லாமலே போய்விட்டது. அமெரிக்காவில் 2002-ல் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம், ஒரே கம்பெனிக்குத் தணிக்கையும் பல வகை ஆலோசனையும் சேர்த்துச் செய்வதைத் தடை செய்தது. இந்தியாவின் 2013 கம்பெனிகள் சட்டம் தணிக்கையாளரைக் குறிப்பிட்ட வருடங்களுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. இரண்டுமே தேவையானவை. ஆனாலும் வயர்கார்டு இவற்றுக்கெல்லாம் பிறகு நடந்தது.

8. போர்டுல பேராசிரியர், முன்னாள் அமைச்சர்னு பெரிய ஆளுங்க இருக்காங்களே, அவங்க பார்க்க மாட்டாங்களா?

பெரிய பெயர் இருப்பதும் கேள்வி கேட்பதும் வேறு வேறு. தெரனோஸ் என்ற ரத்தப் பரிசோதனை நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் ஹென்றி கிஸிஞ்சர், ஜார்ஜ் ஷுல்ட்ஸ் என்று இரண்டு முன்னாள் அமெரிக்க வெளியுறவு அமைச்சர்கள் இருந்தார்கள். கருவி வேலை செய்யவில்லை என்று உணர்ந்து புகார் செய்தவர்களில் ஒருவர் அங்கே வேலை பார்த்த ஷுல்ட்ஸின் பேரன்தான். தாத்தா பேரனை நம்பவில்லை, நிறுவனரை நம்பினார். என்ரானில், ஃபாஸ்டோ அந்தக் கூட்டு நிறுவனங்களை நடத்துவதற்காக நடத்தை விதியைத் தளர்த்தி அனுமதி கொடுத்ததே இயக்குநர் குழுதான். சத்யம் 2008-ல் நல்ல நிர்வாகத்துக்கான கோல்டன் பீகாக் விருது வாங்கியிருந்தது.

போர்டை மதிப்பிட விரும்பினால் பெயர்ப் பட்டியலை விடுங்கள். தணிக்கைக் குழுவில் கணக்கு தெரிந்தவர் எத்தனை பேர், நிர்வாகம் கொண்டுவந்த எதையாவது அவர்கள் எப்போதாவது திருப்பி அனுப்பியிருக்கிறார்களா, நிறுவனரின் சொந்த நிறுவனங்களோடு நடக்கும் பேரங்களை யார் பார்க்கிறார்கள் என்று பாருங்கள். சத்யத்தில் 2008 டிசம்பர் 16 அன்று ராஜு குடும்பத்தோடு தொடர்புடைய மேட்டாஸ் நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்க இயக்குநர் குழு ஒப்புதல் கொடுத்தது. முதலீட்டாளர்கள் கொதித்ததால் சில மணி நேரத்தில் கைவிட்டார்கள். பொய்ச் சொத்தை உண்மைச் சொத்தால் நிரப்பும் கடைசி முயற்சி அது என்று ராஜு பிறகு எழுதினார். அதைத் தடுத்தது குழுவில் உட்கார்ந்திருந்தவர்கள் அல்ல, வெளியில் இருந்த பங்குதாரர்கள்.

9. இவ்வளவு பெரிய கம்பெனியில தலைவருக்குத் தெரியாமலே நடந்திருக்கலாம் இல்லையா?

இருக்கலாம். ஆனால் 'தெரியாது' என்பதில் இரண்டு வகை உண்டு. வொர்ல்ட்காம் தலைவர் பெர்னார்ட் எபர்ஸ், தனக்குக் கணக்கியல் தெரியாது, எல்லாம் நிதித் தலைவர் பார்த்துக்கொண்டார் என்று நீதிமன்றத்தில் சொன்னார். நடுவர் குழு நம்பவில்லை, 25 வருட சிறைத் தண்டனை கிடைத்தது. கணக்கறிக்கை சரியானது என்று தலைமை நிர்வாகியும் நிதித் தலைவரும் தனிப்பட்ட முறையில் சான்றளிக்க வேண்டும் என்று சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் கட்டாயமாக்கியது. இந்தச் சாக்கை அடைப்பது அதன் நோக்கங்களில் ஒன்று.

இரண்டாவது வகை இன்னும் கவலை தருவது. தலைவர் பொய் எழுதச் சொல்லியே இருக்கமாட்டார். தோஷிபாவில் மேலிடம் லாப இலக்கை வைத்துவிட்டு அதைச் 'சவால்' என்று அழைத்தது. காலாண்டு முடியச் சில நாள் இருக்கும்போது எட்ட முடியாத தொகையைக் கேட்டார்கள். மேலதிகாரிக்கு எதிராகப் பேசும் வழக்கம் அங்கே இல்லை என்று 2015-ல் வந்த விசாரணை அறிக்கை எழுதியது. கூடுதலாகக் காட்டிய லாபம் 15,000 கோடி யென்னுக்கு மேல். வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒரு வாடிக்கையாளருக்கு எட்டு சேவைகளை விற்க வேண்டும் என்ற இலக்கு இருந்தது. ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே லட்சக்கணக்கில் கணக்குகள் திறந்தார்கள். 2016-ல் 18.5 கோடி டாலர் அபராதம் வந்தது. சில வருடங்களாக இதற்காக நீக்கப்பட்டவர்கள் சுமார் 5,300 பேர் என்று அப்போது தெரிந்தது. ஒரே மாதிரித் தவறுக்காக 5,300 பேரை நீக்கும் நிலை வந்தால் அது ஊழியர்களின் குணக்கேடு இல்லை, இலக்கு வைத்தவரின் பொறுப்பு. என் கணிப்பில், கெட்ட செய்தியைக் கொண்டு வருபவரைத் தலைவர் எப்படி நடத்துகிறார் என்பதில்தான் மோசடியின் விதை இருக்கிறது.

10. நல்லா படிச்ச, நேர்மையான ஆளுங்ககூட ஏன் இதுல சேர்றாங்க?

டொனால்ட் க்ரெஸ்ஸி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1950-களில் சிறையில் இருந்த கையாடல் குற்றவாளிகளிடம் பேசி மூன்று காரணங்களைச் சொன்னார்: யாரிடமும் சொல்ல முடியாத ஒரு நெருக்கடி, செய்ய ஒரு வாய்ப்பு, மனசுக்குள் சொல்லிக்கொள்ள ஒரு சமாதானம். பெரிய கம்பெனிகளுக்கும் இது பொருந்துகிறது. எபர்ஸ் தன் பங்குகளை அடமானம் வைத்துப் பெருங்கடன் வாங்கியிருந்தார். பங்கு விலை இறங்கினால் அவருடைய சொந்த வாழ்க்கையே ஆட்டம் காணும். அதுதான் நெருக்கடி.

கீழே இருப்பவர்களின் கதை வேறு. வொர்ல்ட்காமில் அந்தப் பதிவுகளைப் போட்ட நடுத்தர நிலைக் கணக்காளர்கள் முதல் முறையே கலங்கி, ராஜினாமாக் கடிதம்கூட எழுதினார்கள். 'இந்த ஒரு முறை மட்டும், பிறகு எல்லாம் சரியாகிவிடும்' என்று சமாதானப்படுத்தப்பட்டார்கள். குடும்பம் அவர்கள் சம்பளத்தை நம்பி இருந்தது. அடுத்த காலாண்டும் அதே கோரிக்கை வந்தது. அவர்களில் சிலர் சிறைக்குப் போனார்கள். கோடிகளைச் சம்பாதித்தவர்கள் அல்ல இவர்கள். முதல் பதிவைப் போட்ட பிறகு இரண்டாவதை மறுக்கும் தைரியம் பாதியாகிவிடுகிறது, ஏனென்றால் மறுத்தால் முதலாவதும் வெளியே வரும்.

11. என்னையே ஒரு பொய் என்ட்ரி போடச் சொன்னா நான் என்ன பண்றது?

முதல் முறையே நின்றுவிடுங்கள், காரணம் மேலே சொன்னதுதான். முகத்துக்கு நேராகச் சண்டை போட வேண்டியதில்லை. 'இதற்கான ஆவணத்தை அனுப்புங்கள், எந்தக் கணக்கியல் விதிப்படி என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள், உடனே போடுகிறேன்' என்று மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்மொழியாக வரும் பல உத்தரவுகள் எழுத்தில் கேட்டதும் காணாமல் போகும். எழுதித் தராமல் அழுத்தம் மட்டும் கூடினால் அது தவறு என்று அவருக்கும் தெரியும்.

யார், எப்போது, என்ன சொன்னார் என்று தேதியோடு குறித்து வையுங்கள். கம்பெனியின் ரகசிய ஆவணங்களை வீட்டுக்கு நகல் எடுத்துக்கொண்டு போகும் முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள், அது உங்கள் மேலேயே திரும்பலாம். உடனடி மேலதிகாரிதான் சொல்கிறார் என்றால் உள் தணிக்கை, பிறகு இயக்குநர் குழுவின் தணிக்கைக் குழு, அதன் பிறகு கட்டுப்பாட்டு அமைப்பு என்று போகலாம். 'மேலே சொன்னார்கள், நான் செய்தேன்' என்பது நீதிமன்றத்தில் தண்டனையைக் குறைக்க உதவலாம், குற்றத்தை அழிக்காது.

12. சொன்னா வேலை போயிடுமே சார்?

போகலாம். இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஜப்பானின் ஒலிம்பஸ் நிறுவனத்தில் தலைவராக இருந்த மைக்கேல் வுட்ஃபோர்டே, ஒரு கம்பெனியை வாங்கியதற்கு ஆலோசனைக் கட்டணமாக 68.7 கோடி டாலர் போனது ஏன் என்று கேட்டதற்காக 2011 அக்டோபரில் நீக்கப்பட்டார். 1990-களிலிருந்து மறைத்து வந்த முதலீட்டு நட்டத்தை நிரப்பத்தான் அந்தப் பணம் போனது என்பது சில வாரங்களில் வெளியானது. என்ரானில் ஷெர்ரன் வாட்கின்ஸ் 2001 ஆகஸ்டில் தலைவர் கென்னத் லேவுக்கு எழுதினார். அதன் பிறகு, இப்படிப்பட்ட ஊழியரை நீக்கினால் சட்டப்படி என்ன ஆகும் என்று கம்பெனி தரப்பில் வழக்கறிஞரிடம் கருத்துக் கேட்டார்கள்.

அப்புறம் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. அமெரிக்காவில் 2010-ல் வந்த டாட்-ஃபிராங்க் சட்டப்படி, தகவல் கொடுத்து 10 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் வசூலானால் அதில் 10 முதல் 30 சதவீதம் வரை தகவல் தந்தவருக்குக் கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் பாதுகாப்பு விதி கொண்டு வந்தது. இந்தியாவில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் ஊழியர் புகார் சொல்ல வழி வைத்திருக்க வேண்டும். சட்டம் காகிதத்தில் இருப்பதும் நம் பக்கத்தில் நிற்பதும் வேறு என்பதால், வொர்ல்ட்காமின் சிந்தியா கூப்பர் செய்ததைக் கவனியுங்கள். உள் தணிக்கைத் தலைவரான அவர் சத்தம் போடவில்லை. தன் குழுவோடு இரவில் வேலை செய்து, ஆதாரத்தை முழுசாகச் சேர்த்தார். நிதித் தலைவர் தள்ளிப்போடச் சொன்னபோது நிறுத்தவில்லை, தணிக்கைக் குழுவின் தலைவரிடம் நேராகப் போனார். சந்தேகத்தோடு போனால் உங்களைப் பேசவிடாமல் செய்யலாம். எண்ணோடு போனால் அது கடினம்.

13. நான் சின்ன முதலீட்டாளர். எனக்கு எதைப் பார்த்தா தெரியும்?

நிச்சயமாகத் தெரியும் என்று ஒரு சூத்திரம் கிடையாது. நான் முதலில் பார்ப்பது பணப்புழக்க அறிக்கையை. பல வருடமாக லாபம் ஏறுகிறது, ஆனால் செயல்பாட்டிலிருந்து வரும் பணம் ஏறவில்லை என்றால் ஏன் என்று கேட்க வேண்டும். விற்பனையைவிட வேகமாக வர வேண்டிய பாக்கி ஏறுவது, நான்காம் கேள்வியில் சொன்ன பொய் விற்பனையின் வழக்கமான தடம். கையில் பெரிய ரொக்கம் இருப்பதாகக் காட்டும் கம்பெனி கூடவே கடனும் வாங்கிக்கொண்டிருந்தால் அதையும் கேளுங்கள். பார்மலாட் அப்படித்தான் செய்தது. ஆனால் ரொக்கத்தையே புனைந்தால் பணப்புழக்க அறிக்கையும் அழகாகத்தான் தெரியும், சத்யத்தில் அப்படி ஆனது. அப்போது வட்டி வருமானத்தைப் பாருங்கள், காட்டும் இருப்புக்கு ஏற்ற வட்டி வந்திருக்கிறதா என்று.

எண்ணுக்கு வெளியே: நிதித் தலைவர் அல்லது தணிக்கையாளர் நடு வருடத்தில் விலகுவது, புரமோட்டர் (கம்பெனியைத் தொடங்கி, கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்) பங்குகள் பெருமளவு அடமானத்தில் இருப்பது, போட்டியாளர்கள் எல்லாரும் தடுமாறும்போது இவர்கள் மட்டும் காலாண்டுக்குக் காலாண்டு இலக்கைத் துல்லியமாகத் தொடுவது, எப்படிச் சம்பாதிக்கிறார்கள் என்று கேட்டால் கோபப்படுவது. இவற்றில் ஒன்று இருந்தால் மோசடி என்று அர்த்தமில்லை. மூன்று சேர்ந்தால் நான் விலகிவிடுவேன்.

14. விலை இறங்கினா லாபம் பார்க்குற ஷார்ட் செல்லர் சொல்றதை எப்படி நம்புறது?

அவருக்கு ஆதாயம் இருக்கிறது, உண்மை. தன் பங்கு ஏற வேண்டும் என்று பேசும் கம்பெனித் தலைவருக்கும் ஆதாயம் இருக்கிறது. எனவே ஆளை விட்டுவிட்டு ஆதாரத்தைப் பாருங்கள். வயர்கார்டு பற்றி லண்டனின் ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழ் தொடர்ந்து எழுதியபோது ஜெர்மன் கட்டுப்பாட்டு அமைப்பு என்ன செய்தது தெரியுமா? 2019-ல் அந்தப் பங்கை ஷார்ட் செய்யத் தடை போட்டது, எழுதிய பத்திரிகையாளர்கள் மேலேயே புகார் கொடுத்தது. அடுத்த வருடம் கம்பெனி கவிழ்ந்தது. குற்றச்சாட்டு வந்ததும் கம்பெனி என்ன பதில் சொல்கிறது என்று கவனியுங்கள். சொன்ன எண்ணுக்கு எண்ணால் பதில் வருகிறதா, அல்லது 'சதி', 'பொறாமை' என்று மட்டும் வருகிறதா?

15. மோசடி வெளிய வந்த பிறகு போட்ட பணம் திரும்பக் கிடைக்குமா?

கொஞ்சம் கிடைக்கலாம், பல வருடம் கழித்து. திவாலில் ஊழியர் பாக்கி, வங்கி, கடன் பத்திரக்காரர் எல்லாரும் போன பிறகுதான் பங்குதாரர் வரிசை. கூட்டு வழக்கு தொடர்ந்தால் இன்னொரு வழி உண்டு. என்ரான் பங்குதாரர்கள் சுமார் 720 கோடி டாலர் சமரசத் தொகை பெற்றார்கள், அதில் பெரும்பகுதி கம்பெனியிடமிருந்து இல்லை, உடந்தையாக இருந்ததாக வழக்குப் போடப்பட்ட வங்கிகளிடமிருந்து வந்தது. உச்சத்தில் அந்தக் கம்பெனியின் சந்தை மதிப்பு 6,000 கோடி டாலருக்கு மேல் இருந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

16. அடுத்த காலாண்டுல உண்மையாவே லாபம் வந்து ஓட்டையை அடைச்சிட்டா, யாருக்கும் நட்டம் இல்லையே? அப்பவும் தப்பா?

தப்புதான். நடுவில் அந்தப் பொய்யை நம்பி முடிவெடுத்தவர்கள் இருக்கிறார்கள். மூன்று சதவீத லாபம் ஈட்டும் கம்பெனியை 24 சதவீதம் என்று நம்பி ஒருவர் பங்கு வாங்குகிறார், ஒருவர் வேறு வேலையை விட்டுவிட்டு அங்கே சேர்கிறார். போட்டியாளர்களும் பாதிக்கப்படுகிறார்கள். வொர்ல்ட்காம், வருவாயில் 42 சதவீதம்தான் இணைப்புச் செலவு என்று காட்டியபோது உண்மையில் அது 50-ஐத் தாண்டியிருந்தது. நேர்மையாக நடந்த கம்பெனிகள் 'அவர்களால் முடிகிறதே, நம்மால் ஏன் முடியவில்லை' என்று செலவைக் குறைக்கத் தலைகீழாக நின்றார்கள். செலவுக் குறைப்பு என்றால் அதில் ஆட்குறைப்பும் வரும். நடக்காத ஒரு சாதனையைத் துரத்தி வேலை இழந்தவர்களுக்கு எந்த நீதிமன்றமும் ஈடு கொடுக்கவில்லை.

17. ஒரு கம்பெனி தானே முன்வந்து பழைய கணக்கைத் திருத்துது. உடனே மோசடின்னு எடுத்துக்கணுமா?

வேண்டாம். தானாகத் திருத்துவது நல்ல பழக்கம், அதைத் தண்டித்தால் மற்றவர்கள் மறைக்கக் கற்றுக்கொள்வார்கள். இரண்டாம் கேள்வியின் அளவுகோல் இங்கேயும் உதவும். திருத்தங்கள் இரண்டு பக்கமும் போகின்றனவா, அல்லது எல்லாமே லாபத்தைக் குறைக்கின்றனவா? ஒரு கிளை, ஒரு வருடம் மட்டுமா, அல்லது பல வருடமா? கண்டுபிடித்தது உள்ளே இருந்தவர்களா, அல்லது பத்திரிகை எழுதிய பிறகு ஒப்புக்கொண்டார்களா?

அதோடு, பழைய பொய் எண்ணை வைத்து நிர்வாகிகள் வாங்கிய போனஸ் திரும்ப வந்ததா என்று பாருங்கள். அமெரிக்கச் சந்தைகளில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளுக்கு 2023 முதல் இது கட்டாயம், நிர்வாகி தனிப்பட்ட முறையில் தவறு செய்யாவிட்டாலும் கூடுதலாக வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும். மற்ற இடங்களில் ஆண்டறிக்கையின் ஊதியப் பகுதியில் இது பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். எதுவும் இல்லை என்றால் பங்குதாரர் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேளுங்கள், ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும் கேட்கலாம்.